பட்டாளத்துக்குப் போன கொள்ளுத்தாத்தாவை எங்கே தேடுவது: பெங்களூரா, தாலுகா ஆபீஸா, லண்டனா?

வேலூர், ஆரணி, குடியாத்தம் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்று ஒன்றைக் காட்டுவார்கள். கம்மவான்பேட்டையில் ஒன்று இரண்டு இல்லை, ஊரே அப்படித்தான். ராணுவப்பேட்டை என்றே அதற்கு இன்னொரு பெயர். இன்றைக்குப் படையில் இருப்பவரைப் பற்றிய காகிதத்துக்குக் குறைவில்லை. சிக்கல் இரண்டு தலைமுறை, மூன்று தலைமுறை முந்தைய ஆட்களிடம்தான். கொல்லையில் கேழ்வரகும் மல்லாட்டையும் போட்டுக்கொண்டிருந்தவர் 1916-லோ 1942-லோ ரயிலேறிப் போயிருப்பார். ‘பஸ்ரா போய் வந்தவர்’, ‘பர்மாவில் லாரி ஓட்டினவர்’ என்று வீட்டில் ஒரு வரிதான் மிஞ்சியிருக்கும். திரும்பி வந்து மறுபடி ஏர் பிடித்திருப்பார், அல்லது வராமலே போயிருப்பார்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் உண்டு, அம்மாவின் தாத்தா. அவரைப் பற்றித் தேடலாம் என்று பேச்சு வந்ததும் பெரியம்மா மகன், “லண்டன்ல எல்லாம் பத்திரமா இருக்கும், அங்க ஒரு ஆராய்ச்சியாளரைப் பிடிச்சுக் காசு கொடுத்துட்டா வேலை முடிஞ்சது” என்றார். வெள்ளைக்காரன் காகிதத்தைத் தொலைக்க மாட்டான் என்ற நம்பிக்கை நம் எல்லோருக்கும் இருக்கிறது. அந்த நம்பிக்கை பாதி சரி. சாதாரண சிப்பாய் விஷயத்தில் தப்பான பாதி நம் பக்கம் வந்து விழுகிறது. ஆகவே காசையும் நேரத்தையும் எங்கே போடலாம் என்று ஒவ்வொரு வழியாகப் பார்த்துவிடுவோம்.

வழியைத் தீர்மானிப்பவை இரண்டு கேள்விகள். எந்தப் போர்? உயிரோடு திரும்பினாரா, இல்லையா? இதில் இரண்டாவது கேள்வி முதலாவதை விட முக்கியம். செத்தவரைக் கண்டுபிடிப்பது சுலபம், பிழைத்து வந்தவரைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். கேட்கக் கொஞ்சம் குரூரமாக இருக்கிறது, ஆனால் போர் ஆவணங்களின் இயல்பு அதுதான். செத்தவருக்குக் கணக்கு வைக்க ஓர் ஆணையமே அமைத்தார்கள். திரும்பி வந்தவருக்குக் கையில் ஒரு டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டைக் கொடுத்து ரயிலேற்றி விட்டார்கள்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். பஞ்சாபுக்கு முதல் உலகப்போர்ப் பதிவேடு இருக்கிறது. சுமார் 3,20,000 பேரை ஊர்வாரியாக எழுதி லாகூர் அருங்காட்சியகத்தில் வைத்திருந்தார்கள். 2021 முதல் அதை இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ‘வட ஆற்காட்டுக்கும் இருக்குமே’ என்று தேடி நேரத்தைக் கரைக்க வேண்டாம். மதராஸ் மாகாணத்துக்கு அப்படித் தட்டிப் பார்க்கும் பட்டியல் கிடையாது. நமக்கு இருப்பது வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்வெட்டு மாதிரியானவை: வேலூரிலிருந்து 277 பேர் 1914-18 போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள். எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்டார்கள், ஒரு பெயர்கூட இல்லை. மாகாணத்தில் இப்படிக் கல் பதித்த ஊர்கள் இன்னும் பல உண்டு. உங்கள் ஊர்ப் பழைய சாவடியிலோ பள்ளிக்கூடச் சுவரிலோ இருந்தால் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அதில் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

மெடலின் விளிம்பு

செலவே இல்லாத வழி வீட்டுப் பெட்டிதான். வீட்டில் தேடச் சொன்னால் எல்லோரும் போட்டோவையும் கடிதத்தையும்தான் தேடுவார்கள். தேட வேண்டியது மெடல். மெடலிலும் முகப்பைப் பார்க்கக் கூடாது, விளிம்பைப் பார்க்க வேண்டும்.

முதல் போரில் பொதுவாகக் கிடைத்தவை இரண்டு. ஒன்றில் ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை, மறுபக்கம் குதிரை மேல் துணியில்லாத ஒரு வீரன், 1914, 1918 என்ற ஆண்டுகள். எங்கள் அம்மா சின்ன வயதில் அதைப் பார்த்துச் சிரித்ததாகச் சொல்வார். இன்னொன்று பித்தளை நிறத்தில், றெக்கை வைத்த ஒரு பெண். ஆங்கிலம் படிக்கத் தெரியாத பாட்டியிடம் கேட்கும்போது ‘பிரிட்டிஷ் வார் மெடல் இருந்ததா’ என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. ‘குதிரைமேல அம்மணமா ஒருத்தன் இருக்கிற காசு பார்த்திருக்கீங்களா ஆயா’ என்று கேளுங்கள், பதில் வரும்.

குதிரை வீரன் மெடல் வெள்ளியில் இருந்தால் அவர் சிப்பாய் வகை. அதே மெடல் வெண்கலத்தில் இருந்தால் பெரும்பாலும் லேபர் கோர் என்ற கூலியாட்கள் பிரிவிலோ, படையோடு போன ‘ஃபாலோயர்’ என்ற உதவியாள் வகையிலோ இருந்திருப்பார். இந்த வித்தியாசம் பின்னால் எங்கே தேடுவது என்பதையே மாற்றிவிடும். வெள்ளி என்பதாலேயே பல வீடுகளில் அது உருகி அரைஞாணாகவும் கொலுசாகவும் போய்விட்டது. வெண்கலம்தான் யாருக்கும் வேண்டாமல் தப்பித்திருக்கிறது.

விளிம்பை வெயிலில் சாய்த்துப் பிடித்து, போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். எண், பதவி, பெயர், பட்டாளம் என்ற வரிசையில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். எஸ்.பி.ஆர் என்றிருந்தால் சாப்பர், அதாவது மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற பொறியாளர் படை ஆளாக இருக்கலாம். டி.வி.ஆர் என்றால் வண்டியோட்டி. ‘கார்னாட்டிக்’ என்ற சொல் தெரிந்தால் 73, 79, 80, 86, 88 போன்ற காலாட்படைகளில் ஒன்று. தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். விளக்குமாற்றுக் குச்சியால் குடையவும் வேண்டாம். தேய்ந்த மெடலில் முதலில் போவது அந்த விளிம்பு எழுத்துதான், நமக்கு வேண்டியதும் அதுதான்.

இரண்டாம் போர் மெடல்களில் பெயர் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அவற்றின் வகையே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஆறு முனை நட்சத்திரத்தில் பர்மா என்றிருந்தால் அந்தக் களத்தில் பணியாற்றியவர். இந்திய வரைபடம் போட்ட வட்ட மெடல் இந்தியாவுக்குள் செய்த பணிக்கு. சிங்கம் ஒரு பூதப்பாம்பின் மேல் நிற்பது போரின்போது சேவையில் இருந்த எல்லோருக்கும் பொதுவானது. 1947 சுதந்திர மெடல் இருந்தால், போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்படாமல் சுதந்திர நாளிலும் படையில் இருந்தார் என்று அர்த்தம். அப்படியானால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

திரும்பி வராதவர் என்றால்

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலை விட்டால் வேறு எதையும் முதலில் தொட வேண்டாம். இலவசம், வீட்டிலிருந்தே பார்க்கலாம், இரண்டு போரிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேர் அதில் இருக்கிறார்கள். முதல் போருக்கு 1914 ஆகஸ்டிலிருந்து 1921 ஆகஸ்ட் வரையும், இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பரிலிருந்து 1947 டிசம்பர் வரையும் இறந்தவர்கள் கணக்கில் வருவார்கள். போர் முடிந்து முகாமில் காய்ச்சலில் போனவரும் அந்தத் தேதிக்குள் என்றால் இருக்கலாம்.

அதில் பெயரைப் போட்டுத் தேடினால் நொந்துபோவீர்கள். முனுசாமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத்தர் எத்தனை விதமாக எழுதியிருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டுப்பெயர், குடும்பப்பெயர் என்று நமக்கு எதுவும் கிடையாது, ஒற்றைப் பெயர்தான். அதனால் பெயர்ப் பெட்டியைக் காலியாக விட்டுவிட்டு, ‘கூடுதல் தகவல்’ என்ற பெட்டியில் நார்த் ஆற்காட் என்று ஆங்கிலத்தில் போடுங்கள். ‘இன்னார் மகன், இன்ன ஊர், இன்ன தாலுகா’ என்று பல பதிவுகளில் இருக்கும். அந்தப் பட்டியலை ஊர்ப் பெயர், அப்பா பெயர் வைத்துக் கண்ணால் ஓட்டுவதுதான் சீக்கிரமான வழி.

இங்கே மாவட்ட எல்லைகளையும் நினைவில் வைக்க வேண்டும். 1911-ல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதுவரை வட ஆற்காட்டின் தலைமையிடமே சித்தூர்தான். அதே ஆண்டு திருப்பத்தூர் சேலத்திலிருந்தும், திருவண்ணாமலை தென்னாற்காட்டிலிருந்தும் வட ஆற்காட்டுக்கு வந்தன. திருத்தணி 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. உங்கள் ஊர் இன்று ராணிப்பேட்டையிலோ திருப்பத்தூரிலோ இருக்கலாம்; அந்த மாவட்டங்கள் 2019-ல் வந்தவை, பழைய காகிதத்துக்கு அவற்றைத் தெரியாது. 1911-க்கு முன்னால் படையில் சேர்ந்தவரின் ஊரைப் பழைய மாவட்டப் பெயரோடு எழுதியிருக்கலாம். அந்தப் பெயரையும் போட்டுப் பாருங்கள்.

பெயர் கிடைத்தால் அவருடைய படைப்பிரிவு, எண், இறந்த தேதி, நினைவிடம் எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும். மெசபடோமியாவில் (இன்றைய இராக்) இறந்து கல்லறை தெரியாதவர் என்றால் பெரும்பாலும் பஸ்ரா நினைவகம் என்று காட்டும். அங்கே சுவரில் சாதாரண இந்தியச் சிப்பாய்களின் பெயரைப் பொறிக்கவில்லை, எண்ணிக்கையாக மட்டும் குறித்தார்கள். டெல்லி இந்தியா கேட்டில் பெயர் தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே பொறித்திருக்கும் 13,000-க்கு மேற்பட்ட பெயர்களில் பெரும்பாலானவை வடமேற்கு எல்லையிலும் 1919 ஆப்கான் போரிலும் இறந்தவர்களுடையவை. புதிய தேசியப் போர் நினைவகத்தில் இருப்பவர்கள் சுதந்திரத்துக்குப் பிந்தையவர்கள்.

பெயர் கிடைக்காவிட்டால்? ‘அப்போ அவர் போரில் சாகவில்லை’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த ஆணையமே 2021-ல் ஓர் அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டது: முதல் போரில் இறந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் இல்லாமலோ நினைவுகூரப்படாமலோ விடப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்குக் களங்களில் பணியாற்றியவர்கள்; சுமை தூக்கியவர்களும் அதில் ஏராளம். போர்ட்டர் கோர், லேபர் கோர் என்று போனவருடைய பேரன்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு தேட வேண்டும்.

திரும்பி வந்தவர்: பெங்களூரும் வெலிங்டனும்

நம்மில் பெரும்பாலோருக்கு இந்தப் பகுதிதான் தேவைப்படும், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

இந்திய ராணுவத்தில் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு ரெக்கார்டு ஆபீஸ் உண்டு. மதராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டனில். மதராஸ் சாப்பர்ஸின் வாரிசான எம்.இ.ஜி-க்கு (மதராஸ் என்ஜினியர் குரூப்) பெங்களூரில். பயனியர் கோருக்கும் பெங்களூர். சர்வீஸ் கோரின் தெற்குப் பிரிவும் அங்கேதான். சிக்னல்ஸ் ஜபல்பூர், பீரங்கிப்படை நாசிக் ரோடு, இ.எம்.இ என்ற ராணுவ மெக்கானிக் பிரிவு செகந்திராபாத். ஆள் எந்தப் பிரிவு என்று தெரியாமல் எல்லா ஆபீசுக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவது வீண். மெடல் விளிம்பை அவ்வளவு வலியுறுத்தியதற்குக் காரணம் இதுதான்.

வெலிங்டனையும் பெங்களூரையும் ஒப்பிட்டால், முதல் போர் ஆட்களுக்குப் பெங்களூர்ப் பக்கமே வாய்ப்பு அதிகம். சாப்பர்ஸ் படை 1780-லிருந்து தொடர்ச்சியாக இருந்து வருகிறது. பெயர் மாறியது, படை கலையவில்லை. (அங்கே சிப்பாய்களை இன்றும் ‘தம்பி’ என்றுதான் அழைக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன் ஆரணியிலிருந்து போன உங்கள் கொள்ளுத்தாத்தாவும் அங்கே ஒரு தம்பிதான்.) காலாட்படைகளின் கதை வேறு. கார்னாட்டிக் பட்டாளங்களை 1922-ல் மூன்றாவது மதராஸ் ரெஜிமெண்ட் என்று ஒன்றாக்கினார்கள், பிறகு சிக்கனம் என்று சொல்லி ஒவ்வொன்றாகக் கலைத்து 1928-க்குள் முடித்துவிட்டார்கள். மதராஸ் பயனியர்களையும் 1933-ல் கலைத்தார்கள். இரண்டாம் போர் வந்து ஆள் தேவைப்பட்டதும் ரெஜிமெண்டை மறுபடி எழுப்பினார்கள். நடுவில் விழுந்த இடைவெளியில் முதல் போர்ச் சிப்பாய்களின் காகிதம் எவ்வளவு தப்பியிருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டாம் போர் ஆள் என்றால் வெலிங்டனுக்கு எழுதுவதில் அர்த்தமிருக்கிறது.

அடுத்து, பலரும் இடறி விழும் இடம். பென்ஷன் இல்லாமல் வெளியேறிய சிப்பாயின் சேவைக் கோப்பை 25 ஆண்டுக்குப் பிறகு அழித்துவிடுவது ராணுவ விதி. 1942-ல் சேர்ந்து 1946-ல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் என்றால், 1971 வாக்கிலேயே அவர் கோப்புக்குக் கெடு முடிந்தது. அதனால் ‘என் கொள்ளுத்தாத்தாவின் சர்வீஸ் ரெக்கார்டு வேண்டும்’ என்று கேட்டால் ‘விதிப்படி அழிக்கப்பட்டது’ என்று ஒரு வரியில் பதில் வரும், அதில் பொய்யும் இல்லை. ஆனால் ‘லாங் ரோல்’ என்று ஒரு பதிவேடு இருக்கிறது. எண், பெயர், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, காரணம் என்று ஆளுக்கு ஒரு வரி. அது நிரந்தரமாக வைக்க வேண்டிய பதிவேடு. கோப்பைக் கேட்காமல் ‘லாங் ரோலில் இவருக்கு உரிய பதிவின் நகல்’ என்று கேட்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பென்ஷன் வாங்கியவர் என்றால் நிலைமை இன்னும் நல்லது. பி.பி.ஓ என்ற பென்ஷன் உத்தரவு எண் இருந்தால் அலகாபாத் பென்ஷன் ஆபீஸ் வழியாகவும் போகலாம். 1947-ஐத் தாண்டிப் படையில் நீடித்தவரின் குடும்பத்துக்கு அதிர்ஷ்டம் என்று சொன்னது இதனால்தான். அவர் பென்ஷன் வரைக்கும் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

கேட்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய்க் கட்டணத்தில், ஆன்லைனிலேயே. ஒன்று கவனிக்க வேண்டும்: இந்தியக் குடிமக்கள்தான் கேட்க முடியும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணன் அனுப்பினால் செல்லாது, வேலூரில் இருக்கும் தம்பி பெயரில் போட வேண்டும். அடுத்தவர் சொந்த விவரம் என்று தட்டிக் கழிக்காமலிருக்க, உறவைக் காட்டும் காகிதம் எது இருந்தாலும் இணைத்துவிடுங்கள். கொள்ளுத்தாத்தாவுக்கு வாரிசுச் சான்று கிடைப்பது சிரமம். பழைய பாகப்பத்திரத்தில் இன்னார் மகன் இன்னார் என்று தலைமுறை வரிசை இருந்தால் அதுவே நன்றாக வேலை செய்யும்.

உள்ளூர்: யாரும் மதிக்காத வழி

பெரியம்மா மகனிடம் நான் வாதாடியது இந்த வழிக்காகத்தான். விவசாயி பட்டாளத்துக்குப் போனதற்கு முக்கியக் காரணம் நிலமும் கடனும். திரும்பி வந்ததும் அவர் கை வைத்ததும் நிலத்தில்தான். ஆகவே அவருடைய தடம் ராணுவ ஆபீசில் அழிந்திருந்தாலும் வருவாய்த்துறையில் இருக்கலாம்.

முன்னாள் படைவீரர்களுக்கு அரசுப் புறம்போக்கிலிருந்து நிலம் ஒப்படைப்பதற்கு வழி இருந்தது. இரண்டாம் போருக்குப் பின் மதராஸ் அரசு அவர்களைச் சேர்த்துக் கூட்டுறவுக் குடியேற்றங்களும் அமைத்தது. இன்றும் சில ஊர்களில் ‘பட்டாளத்தான் கொல்லை’ என்று ஒரு துண்டு நிலத்தைச் சொல்வார்கள். அப்படி ஒரு பெயர் உங்கள் ஊரில் அடிபட்டால் அதன் சர்வே எண்ணைப் பிடியுங்கள். 1980-களில் நில ஆவணங்களைப் புதுப்பித்த யு.டி.ஆர் வந்தபோது எழுதிய பட்டாவில் பழைய குறிப்புகள் விடுபட்டிருக்கும், அதைப் பார்த்துப் பயனில்லை. அதற்கு முந்தைய எஸ்.எல்.ஆர் என்ற செட்டில்மெண்ட் நிலப் பதிவேடு, ஒப்படைப் பதிவேடு, பழைய அடங்கல் ஆகியவற்றைத் தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் கேளுங்கள். குறிப்புக் கலத்தில் ‘முன்னாள் சிப்பாய்’ என்ற ஒரு சொல்லும் ஓர் உத்தரவு எண்ணும் இருந்தால் போதும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் கோப்புக்கும், அங்கிருந்து எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் போகலாம். எண் இல்லாமல் எழும்பூர் போவது கடலில் கடுகைத் தேடுகிற கதை.

இன்னொரு கதவு, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். இரண்டாம் உலகப்போரில் பணியாற்றி பென்ஷன் இல்லாமல் வந்தவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தமிழ்நாடு அரசு மாதாமாதம் நிதியுதவி கொடுக்கிறது. உங்கள் கொள்ளுப்பாட்டி அதை வாங்கியிருந்தால், அப்போது ஆதாரமாகக் கொடுத்த டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டின் நகல் அந்தக் கோப்பில் இருக்க வேண்டும். ராணுவமே அழித்துவிட்ட தகவல், ஒரு விதவையின் மனுவோடு சேர்ந்து மாவட்ட அலமாரியில் தப்பிப் பிழைத்திருக்கும். வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டதால், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்கள் தங்கள் புதிய அலுவலகத்தில் இல்லை என்றால் வேலூரிலும் கேட்டுவிட வேண்டும்.

இந்த வழியின் தொல்லை என்ன என்றும் சொல்லிவிட வேண்டும். ரெக்கார்டு ரூம் சாவி ஒருவரிடம், கையெழுத்து இன்னொருவரிடம். ‘அந்த வருஷக் கட்டு கிடைக்கல சார், அடுத்த வாரம் வாங்க’ என்பது எந்த வாரம் போனாலும் வரும் பதில். செல்லரித்த கட்டைப் பிரித்தால் சில பக்கங்கள் தூளாகவே வரும். முதல் போர் ஆட்களுக்கு இங்கே வாய்ப்பு குறைவு. இரண்டாம் போர் ஆட்களுக்கு, என் கணிப்பில், வேறு எந்த வழியை விடவும் இதுவே மேல். செலவு பஸ் சார்ஜும் நகல் கட்டணமும்தான். மனுவைக் கையில் கொடுப்பதை விடப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் சட்டத்திலேயே போட்டுவிட்டால், 30 நாளுக்குள் ஏதோ ஒரு பதில் எழுத்தில் வரும்.

லண்டன்

சரி, லண்டன். அங்கே கியூ (Kew) என்ற பகுதியில் இருக்கும் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்திலும் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்பிலும் இருப்பவை பிரமாதமானவை, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அவை யாரைப் பற்றியவை? வெள்ளைக்கார அதிகாரிகளுக்குத் தனித்தனிக் கோப்பு உண்டு. நம் சிப்பாயின் தனிக் கோப்பை அங்கே எதிர்பார்க்கக் கூடாது, அது இந்தியாவிலேயே தங்கிவிட்டது. போர் டைரிகள் இருக்கின்றன. எந்தக் கம்பெனி எந்த நாளில் எந்த ஆற்றங்கரையில் இருந்தது என்று எழுதியிருக்கும். அதிகாரிக்குக் காயம் பட்டால் பெயர் வரும், சிப்பாய்க்குப் பட்டால் ‘ஐந்து பேர்’ என்று வரும். வீரப்பதக்கம் வாங்கியவராக இருந்தால் மட்டும் அரசிதழில் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

அதனால் லண்டனைக் கடைசியில் வைக்க வேண்டும். லாங் ரோலிலிருந்தோ மெடலிலிருந்தோ அவருடைய கம்பெனியும் காலமும் உறுதியான பிறகு போர் டைரியைத் திறந்தால் அது தங்கம். ‘பஸ்ரா போனார்’ என்ற ஒற்றை வரி அப்போது மாதவாரியாக விரியும். முதல் போர் டைரிகளில் நிறைய இணையத்திலேயே வந்துவிட்டன. ஆள் வைத்துத் தேடுவதற்கு முன்னால் அதைப் பாருங்கள். மணிக்கணக்கில் பவுண்டில் கட்டணம் வாங்கும் ஆராய்ச்சியாளரிடம் ‘முனுசாமி, வட ஆற்காடு’ என்று மட்டும் கொடுத்தால், அவர் நேர்மையானவராக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார். மற்றவர் பில் அனுப்புவார்.

ஒரு விதிவிலக்கு சிங்கப்பூர். 1942 பிப்ரவரி 15-ல் அங்கே சரணடைந்த இந்தியச் சிப்பாய்களில் ஒருவராக உங்கள் ஆள் இருந்தால், பிறகு அவர் ஐ.என்.ஏ என்ற இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்திருக்கவும் கூடும். 1944-ல் இம்பால் பக்கம் இந்தியரும் இந்தியரும் எதிரெதிரே நின்றார்கள். ஒரே தாலுகாவிலிருந்து போனவர்கள் இரண்டு பக்கமும் இருந்திருக்கலாம். அப்படிப்பட்டவரை லண்டனில் தேடுவதை விட டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ஐ.என்.ஏ தொகுப்பிலும், கலெக்டர் ஆபீஸ் தியாகி பென்ஷன் கோப்பிலும் தேட வேண்டும். வீட்டில் அவரைப் பற்றி ஏன் யாரும் அதிகம் பேசவில்லை என்பதற்கும் அங்கேயே விடை கிடைக்கலாம். பிரிட்டிஷ் ராணுவக் கணக்கில் அவர் விலக்கப்பட்டவர்.

என் பெரியம்மா மகனுக்கு நான் கொடுத்த வரிசை இது: இறந்தவராக இருக்கலாம் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் முதலில் கல்லறை ஆணையத் தேடல். இல்லையென்றால் மெடல் விளிம்பு, அதைக் கையில் வைத்துக்கொண்டு ரெக்கார்டு ஆபீசுக்கு லாங் ரோல் மனு. அந்த மனு பதிலுக்குக் காத்திருக்கும் மாதத்திலேயே தாலுகா ஆபீசும் படைவீரர் நல அலுவலகமும். முதல் போர், கார்னாட்டிக் காலாட்படை, திரும்பி வந்தவர், மெடலும் இல்லை என்றால் இந்த வழிகளில் எதிலும் பெரிய நம்பிக்கை வைக்க முடியாது. அவர்களுக்கு நிலப் பதிவேட்டை மட்டும் பார்த்துவிட்டு, மீதி நேரத்தை ஊரில் எண்பது தாண்டியவர்களிடம் பேசுவதில் செலவிடச் சொல்வேன். பதிவேடு அடுத்த வருஷமும் இருக்கும்.

ரெக்கார்டு ஆபீசிலிருந்து ‘பதிவு எதுவும் இல்லை’ என்று பதில் வந்தால் உறையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். தவறான ஆபீசுக்கு எழுதியிருந்தால் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை, சட்டத்தின் 6(3) பிரிவு அது. பதில் கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம், கட்டணம் இல்லை. மனுவில் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகக் கேளுங்கள்: லாங் ரோல் பார்க்கப்பட்டதா, எந்தெந்தப் பெயர் எழுத்துக்கூட்டலில் பார்க்கப்பட்டது, கோப்பு அழிக்கப்பட்டிருந்தால் அழித்த தேதியும் உத்தரவும் என்ன. கூடவே அப்பா பெயர், ஊர், அந்தக் காலத்துத் தாலுகா, வட ஆற்காடு மாவட்டம் என்று எழுதி, மெடல் விளிம்பின் போட்டோ ஒன்றையும் இணைத்துவிடுங்கள்.